பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, கடலூர். கோட்பாட்டு இயற்பியலுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கோட்பாட்டு இயற்பியல்தான் படிக்க வேண்டும் என்று ஆசை. கருந்துளை, காலத்தில் பின்னோக்கிப் போவது, இழைக் கோட்பாடு என்று ராத்திரி ஒரு மணி வரை வீடியோ பார்ப்பேன். ஆனால் வகுப்பில் நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போன செமஸ்டர் இயக்கவியல் பேப்பரில் நோட்ஸை அப்படியே எழுதி 71 வாங்கினேன். அதே கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தால் கை ஓடியிருக்காது. இது எனக்கே தெரியும்.

அப்பா திருப்பாப்புலியூர் ரயில் நிலையம் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். "படிடா, வேணாம்னு சொல்லலை. படிச்சு முடிச்சா யாரு சம்பளம் தருவா, அதை மட்டும் சொல்லு" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தக் கல்லூரியில் இருந்துகொண்டே இதற்கு ஆயத்தமாக முடியுமா? எதை முதலில் படிப்பது? அப்பாவுக்கு என்ன சொல்வது?

ஓஎம்ஆர்_பஸ் எழுதியது:

தம்பி, நானும் அதே ஆசையில் எம்.எஸ்சி. வரை போனவன்தான். இப்போது சிறுசேரி சிப்காட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங். அதே சிப்காட்டுக்குள்தான் சென்னை கணிதவியல் கழகமும் இருக்கிறது. தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகிறேன், அது வேறு வயிற்றெரிச்சல்.

உண்மையைச் சொல்கிறேன். வீடியோவில் வரும் இயற்பியல் வேறு, வகுப்பில் நடப்பது வேறு, ஆராய்ச்சி வேறு. மூன்றும் ஒன்று என்று நம்பித்தான் நான் கெட்டேன். உங்கள் அப்பா கேட்டது நல்ல கேள்வி. பதில் கிடைக்கும் வரை பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அது எங்கே போனாலும் சோறு போடும்.

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

தம்பி கெடிலக்கரை, முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். விடையைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல், ஒரே கணக்கோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டி மோதியது கடைசியாக எப்போது?

ஏன் கேட்கிறேன் என்றால், தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். அலைவு நேரம் = 2π × √(நீளம் ÷ ஈர்ப்பு முடுக்கம்). கடலூரிலிருந்து காரைக்கால் வரை எந்த மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். "சரி, 60 டிகிரி வரை இழுத்து விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் வகுப்பே ஃபேனைப் பார்க்கும். அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். கோணம் சிறியதாக இருந்தால் மட்டும்தான் அந்தச் சூத்திரம் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான் இயற்பியல், மீதி எழுத்துப் பயிற்சி. ஆற்றல் வரைபடத்தில் அநேகமாக எந்தக் குழியின் அடியையும் நெருங்கிப் பார்த்தால் பரவளையம் போலத்தான் தெரியும். அதனால்தான் ஊசலுக்குப் போட்ட சமன்பாடே மூலக்கூறின் அதிர்வுக்கும் வருகிறது, மின்சுற்றுக்கும் வருகிறது, குவாண்டம் புலத்துக்கும் வருகிறது. இப்படி ஆடும் தனிச்சீரிசை இயக்கத்தை ஒழுங்காகப் படித்தவன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் பல வருடம் நோட்ஸ் எழுதிப் போட்டுத்தான் நடத்தினேன். அறுபது பேர் வகுப்பு, செமஸ்டருக்குத் தொண்ணூறு நாள், அதில் பாதி இன்டர்னலுக்கும் விளையாட்டு விழாவுக்கும் போய்விடும். சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை எழுதியது:

ஐயா ஒப்பிப்பதைப் பற்றிச் சொன்னதும் எங்கள் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. திரியை விட்டு விலகினால் மன்னிக்கவும்.

லெ ஜாந்தி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். 1761 ஜூன் 6. ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. அந்த நாளில் அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் நின்றுகொண்டு என்னத்தை அளப்பது? சரி, அடுத்தது எட்டு வருடத்தில் வரும் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். இதற்குள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியிருந்தது. கோட்டை இடிபாட்டின் மேல் ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிவிட்டது. அதற்கு அடுத்தது 1874-இல்தான். ஊருக்குப் போனால் அங்கே இவர் செத்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள், அகாடமியில் இவர் இடத்தையும் வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இது இல்லை. இங்கே காத்திருந்த காலத்தில் அவர் நம் ஆட்களிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். தரையில் சோழியை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லியே ஒரு தமிழர் கணக்கைப் போட்டு முடித்தாராம். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கணக்கில் அந்தத் தமிழ் முறைக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் அன்றைய பேர்பெற்ற அட்டவணைக்கு 68 விநாடி கூடிப்போனது. எழுதி வைத்திருப்பவர் லெ ஜாந்தியே. நம் ஆள் ஜெயித்தார்!

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

ஜெயித்தார், சந்தேகமில்லை. ஆனால் அந்த வாய்பாட்டில் ஒரு எண்ணை ஏன் கூட்ட வேண்டும், ஏன் கழிக்க வேண்டும் என்று சோழி நகர்த்தியவரைக் கேட்டால் பதில் வந்திருக்குமா? வாய்பாட்டை முதலில் ஆக்கியவருக்குத் தெரியும். அதன் வேர் ஆரியபட்டர் காலத்துப் பூமி நிழல் கணக்கு வரை போகிறது. கைமாறிக் கைமாறி வந்ததில் விடை தங்கியது, காரணம் உதிர்ந்துவிட்டது. நம் டெரிவேஷன் நோட்ஸும் இன்று அதே நிலையில்தான் இருக்கிறது. ஒரே வித்தியாசம், சோழிக்காரருக்கு விடையாவது சரியாக வந்தது.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரு மணி நேரம் ஒரே கணக்கில் நான் உட்கார்ந்ததே இல்லை. பத்து நிமிடம் வரவில்லை என்றால் போனில் தேடிவிடுவேன்.

விண்மீன்_வடலூர் எழுதியது:

மனம் தளராதீர்கள் நண்பா. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவர்தான். 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், பத்தொன்பது வயதில், வெள்ளைக் குள்ளன் என்னும், எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். இன்று ஏற்கப்படும் அளவு சூரியனைப் போல 1.4 மடங்கு. 1983-இல் நோபல் பரிசு. அவரால் முடிந்தது உங்களாலும் முடியும்.

ஓஎம்ஆர்_பஸ் எழுதியது:

அவருக்கு சி.வி. ராமன் சொந்தச் சித்தப்பா. நமக்குச் சித்தப்பா எல்லாம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார்.

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

:) நியாயம்தான். இருந்தாலும் சந்திரசேகர் கதையில் நமக்கு ஆகிற பகுதி கப்பலுக்கு முன்னால் வருகிறது. 1928-இல் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் சென்னைக்கு வந்தார். அவருடைய அணுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் ஹோட்டலுக்கே தேடிப் போய்ப் பார்த்தார். நீ படித்தது எல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் படியை அவர் கையில் கொடுத்தார். பையன் அதை வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்து படித்து, அடுத்த வருடமே ஒரு கட்டுரை வெளியிட்டுவிட்டான். அன்றைக்குப் புதுசு தெரிய வேண்டுமானால் ஒருவர் கப்பலில் கொண்டுவர வேண்டும். 1991-இலிருந்து ஆர்க்கைவ் என்ற தளம் இருக்கிறது. உலகத்தில் எவர் கோட்பாட்டு இயற்பியலில் கட்டுரை எழுதினாலும் அநேகமாக அன்றே அதில் ஏறிவிடும், காசு கிடையாது. சித்தப்பா இல்லாத குறையைக் கொஞ்சம் ஈடுகட்டலாம். முழுதாக ஈடுகட்ட முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அலையடி எழுதியது:

இந்தத் திரியை இப்போதுதான் பார்த்தேன். என் ஊர் தேவனாம்பட்டினம். கோட்பாட்டு இயற்பியலில் பி.எச்டி. முடித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிறகான தற்காலிக ஆராய்ச்சி வேலை. நானும் பன்னிரண்டு வரை தமிழ் வழி, பி.எஸ்சி. நம் பக்கத்துக் கல்லூரியில்தான்.

தம்பி, கருந்துளையிலிருந்து தொடங்காதீர்கள். நான் எங்கிருந்து தொடங்கினேன் என்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை. பல வருடம் கழித்து, பி.எஸ்சி. முதலாண்டில், ஒரு புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சூத்திரத்தைப் பார்த்தேன். ஆழத்தைவிட மிக நீளமான அலை என்றால் அதன் வேகம் = √(ஈர்ப்பு முடுக்கம் × ஆழம்). அவ்வளவுதான். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 171 மீட்டர் வந்தது, மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். நிலநடுக்கம் நம் நேரப்படி காலை ஆறரைக்குச் சற்று முன். நம் கரைக்குத் தண்ணீர் வந்தது எட்டரை, ஒன்பது வாக்கில். நிக்கோபார் பக்கமிருந்து கடலூருக்கு உள்ள தூரத்தை அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தேன். சரியாக வந்தது. அப்புறம் பத்து மீட்டர் ஆழத்துக்குப் போட்டேன். விநாடிக்குப் பத்து மீட்டர்கூட இல்லை, மணிக்கு 36 கிலோமீட்டர், மொபெட் வேகம். முன்னால் போவது வேகம் குறைகிறது, பின்னால் வருவது வந்து சேர்கிறது. நீளம் சுருங்கினால் உயரம் கூடத்தானே வேண்டும். ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனது ஏன், கரையில் அப்படி எழுந்தது ஏன், இரண்டுக்கும் ஒரே வர்க்கமூலம்தான் பதில். அன்றைக்கு அழுதேன். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தச் சூத்திரத்தை நீங்களே வருவியுங்கள். தேடக் கூடாது. முதல் படி பரிமாணப் பகுப்பாய்வு, பதினொன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது படிதான் கஷ்டம்: வர்க்கமூலத்துக்கு முன்னால் நிற்கும் எண் ஏன் சரியாக 1? இரண்டாகவோ அரையாகவோ ஏன் இல்லை?

நெல்லிக்குப்பம்_டீச்சர் எழுதியது:

அலையடி, படித்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் பெண்ணும் இப்போது பிளஸ் டூ, அவளும் இதையேதான் கேட்கிறாள். எனக்குள்ள பயம் வேறு. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பி.எச்டி. ஐந்தாறு, அப்புறம் போஸ்ட்டாக் என்று ஊர் ஊராக. சொந்தக்காரர்கள் வாயை யார் மூடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வீட்டில் தினமும் இதுதான் பேச்சு. பி.எட். போட்டு டி.ஆர்.பி. எழுதினால் போதாதா என்கிறார் இவள் அப்பா.

அலையடி எழுதியது:

டீச்சர், கூச்சப்பட ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாவும் கேட்டார், இன்னும் கேட்கிறார். எனக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, நிரந்தர வேலை இன்னும் இல்லை. போஸ்ட்டாக் இரண்டு வருடத்துக்கு ஒரு நாடு. அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: பி.எச்டி. சேர்ந்த நாளிலிருந்து நான் வீட்டில் காசு வாங்கவில்லை, வீட்டுக்கு அனுப்பினேன். இது நிறையப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தம்பியின் அப்பாவுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவு. இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அதாவது படிக்கிற காலத்திலேயே சம்பளம் தருவது அரசாங்கம். அதற்கு அப்புறம் யார் தருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள் தம்பி, டீக்கடைக்காரரிடம் பாதிக் கணக்குச் சொன்னால் பிடித்துவிடுவார்.

உங்கள் பெண் பிளஸ் டூ என்பதால்: ஓஎம்ஆர் அண்ணன் கேட்டோடு தாண்டிப் போகும் அந்தச் சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. அவர்களே நடத்தும் நுழைவுத் தேர்வு. கணக்கில் பிடிப்பு இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

தம்பிக்கு இப்போது எம்.எஸ்சி.தான் வாசல். ஜாம் என்ற நுழைவுத் தேர்வு: மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஐஐடிகளுக்கும் பெங்களூரு ஐஐஎஸ்சிக்கும் அதன் வழியாகப் போகலாம். அதில் ஒரு பகுதியில் நான்கு விடையே கொடுக்க மாட்டார்கள், எண்ணை நீங்களே தட்ட வேண்டும். நோட்ஸ் மனப்பாடம் அங்கே செல்லாது. நான் முதல் தடவை அந்தப் பகுதியில்தான் கவிழ்ந்தேன், இரண்டாம் தடவைதான் கிடைத்தது. நம் வாசலிலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். எம்.எஸ்சி.க்குக் க்யூட் முதுநிலைத் தேர்வு. கடலூரில் பஸ் ஏறிப் பாண்டியில் மாறினால் போதும். பி.எச்டி.க்கு ஜெஸ்ட், நெட் என்று தேர்வுகள் வரும், அது அப்புறம்.

ஓஎம்ஆர்_பஸ் எழுதியது:

அலையடி சொன்ன சம்பளக் கணக்கு சரி. ஆனால் அந்த வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் தங்கச்சி. தியரிக்கு இடம் இன்னும் குறைவு. சோதனை இயற்பியல், பொருளறிவியல் பக்கம் போனால் ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும், கம்பெனிகளும் எடுக்கும். தியரியில் ஒரு வழிகாட்டிக்கு வருடம் ஒரு மாணவர் கிடைத்தாலே அதிகம். நான் படித்த இடத்தில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்குத் தியரி கேட்டேன். "அதுக்கெல்லாம் ஆள் இல்லைப்பா, மெல்லிய படலம் பண்ணு" என்று ஒரு பீக்கரைக் கையில் கொடுத்தார்கள். ஆறு மாதம் கண்ணாடித் துண்டை நனைத்து நனைத்து எடுத்தேன். அது தப்பான வேலை இல்லை, நான் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

அந்த பீக்கர் பல பேர் கையில் ஏறியிருக்கிறது. கல்லூரியிலேயே வழிகாட்டி கிடைக்காவிட்டால் வெளியே தேட வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் இருக்கிறது. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு இருக்கலாம், உதவித்தொகையும் தருவார்கள். விண்ணப்பத்தில் என்ன படித்தீர்கள், என்ன செய்ய ஆசை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். "சிறு வயதிலிருந்தே பிரபஞ்சத்தின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். எந்தக் கணக்கில் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறதே, அது எப்படி வந்தது தெரியுமா? அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டில் மாணவர்களை உட்கார வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960-இல் அணு இயற்பியல் மேதை நீல்ஸ் போரே அங்கு வந்துவிட்டுப் போனார். 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் தொடங்கியது, தொடங்கி வைத்தவர் இதே சந்திரசேகர். கரும்பலகையும் நாலு பேரும் இருந்தால் இந்தப் பாடத்தைத் தொடங்கலாம். அதனால்தான் சொல்கிறேன், வகுப்பில் இன்னும் இரண்டு பேரைப் பிடியுங்கள் தம்பி. தனியாகப் படித்தால் மூன்றாம் வாரம் வீடியோவுக்குப் போய்விடுவீர்கள்.

எதை முதலில் என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு. லாண்டாவு என்ற ரஷ்ய மேதை தன்னிடம் சேர வருபவர்களுக்குத் தேர்வுகள் வைப்பார், முதல் தேர்வே கணிதம்தான். 1961 வரை முழுதாகத் தேறியவர்கள் 43 பேர். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். தொகையீடு கை தானாக ஓடும் வரை போடுங்கள். வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் நுண்கணிதம், அணிகள். அணியில் ஐகென் மதிப்பு (திசை மாறாத வெக்டரை அந்த அணி எத்தனை மடங்காக்கும் என்ற எண்) புரியாமல் குவாண்டம் பக்கம் தலை வைக்காதீர்கள், ஏனென்றால் அங்கே அளந்து கிடைக்கிற எண்ணே அதுதான். இதற்கு ஒரு வருடம் ஆகும். கூடவே இயக்கவியலில் லெக்ராஞ்சியன் முறை, அதாவது விசைக்குப் பதில் ஆற்றலை வைத்துக் கணக்குப் போடுவது. மின்காந்தவியலும் புள்ளியியல் இயக்கவியலும் அதன் தோளில் ஏறி வரும். சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் பாடங்கள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். ஆனால் பேனாவோடு பாருங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டால் வீடியோவை நிறுத்திப் பதில் எழுதிவிட்டு ஓடவிடுங்கள்.

நெல்லிக்குப்பம்_டீச்சர் எழுதியது:

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் வகைக்கெழு, முடுக்கம், உந்தம் என்று நடத்துகிறோம். கல்லூரியில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். பிள்ளை கணக்கில் தோற்பதில்லை, முதல் இரண்டு மாதம் சொல்லில் தோற்கிறது. ஒரு சின்ன நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதச் சொல்லுவேன். நூறு சொல் தாண்டாது. போன வருடம் படித்துப் போன ஒருவன் தீபாவளிக்கு வந்து "மிஸ், அந்த நோட்டை ஹாஸ்டல்ல பதினோரு பேரு போட்டோ எடுத்துட்டாங்க" என்றான்.

கெடிலக்கரை எழுதியது:

அக்கா, உங்கள் கணக்கு. பரிமாணப் பகுப்பாய்வு முடிந்தது. தண்ணீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தேன், அது தானாகவே வெளியே போய்விட்டது. வேகம் = ஏதோ ஓர் எண் × √(ஈ × ஆ). ஈ என்பது ஈர்ப்பு முடுக்கம், ஆ ஆழம்.

அந்த எண்ணுக்கு ஆற்றல் அழியாமை போட்டேன். அரை × நிறை × வேகத்தின் வர்க்கம் = நிறை × ஈ × ஆ. எனக்கு √(2 × ஈ × ஆ) வருகிறது. அதாவது எண் √2. நீங்கள் 1 என்கிறீர்கள். புத்தகம் தப்பா?

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

புத்தகம் தப்பில்லை. உங்கள் கணிதத்திலும் தப்பில்லை. நீங்கள் போட்டது கிணற்றில் விழும் கல்லின் கணக்கு, அலையின் கணக்கு இல்லை. தண்ணீர் எங்கே ஆழம் முழுக்க விழுகிறது? அலை போகும்போது தண்ணீர் அதனோடு போகிறதா, இருக்கிற இடத்திலேயே அசைகிறதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அலையடி, விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

அலையடி எழுதியது:

வாயே திறக்கவில்லை ஐயா. ஒரே ஒரு குறிப்பு: அலையோடு அதே வேகத்தில் ஓடுகிற ஆளாக நின்று பாருங்கள்.

முத்தியால்பேட்டை எழுதியது:

எட்டு நாள் ஆகிவிட்டது, தம்பியைக் காணோம். லெ ஜாந்தி மாதிரி பிரித்துக்கொள்ள ஆரம்பிக்கலாமா?

கெடிலக்கரை எழுதியது:

இருக்கிறேன் அண்ணா :) ராத்திரி கடையை மூடியதும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து போட்டேன். ஆறாவது நாள் வந்தது. மீதி இரண்டு நாள் தப்பா என்று தேடினேன்.

அலையோடு ஓடினால் அலை நின்றுவிடுகிறது, தண்ணீர்தான் எதிரே வே என்ற வேகத்தில் வருகிறது. முகட்டுக்கு அடியில் ஆழம் ஆ + உ. அங்கே இடம் கூடுவதால் தண்ணீர் மெதுவாகத்தான் போக வேண்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம் என்பதால் அங்குள்ள வேகம் வே × ஆ ÷ (ஆ + உ). உ மிகச் சிறியது என்றால் இது வே × (1 − உ÷ஆ). அப்புறம் மேற்பரப்பில் பெர்னோலி, அதாவது ஓடும் தண்ணீருக்கான ஆற்றல் கணக்கு: வேகத்தின் வர்க்கத்தில் பாதி எவ்வளவு குறைகிறதோ அது ஈ × உ. குறைவது வே² × உ ÷ ஆ. இரண்டு பக்கமும் உ அடிபட்டுப் போகிறது. வே² = ஈ × ஆ. எண் 1!

ஐயா, உ சிறியது என்று வைத்தால்தான் இது வருகிறது. ஊசலுக்குக் கோணம் சிறியது என்றீர்களே, அதே வரிதானே இது?

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

அதே வரிதான். கரைக்கு வரும்போது உ சிறியது இல்லை. அதனால்தான் அலை மடங்கி உடைகிறது. அங்கே உங்கள் சமன்பாடு கைவிரித்துவிடும்.

அலையடி எழுதியது:

தம்பி, கடை பெஞ்சில் ஆறு நாள் என்பது நல்ல வேகம். எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

அடுத்தது. ஆழம் 3,000 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குக் குறைந்தால் உயரம் எத்தனை மடங்கு கூடும்? அலை சுமக்கும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், அது போகும் வேகம் இப்போது உங்களுக்குத் தெரியும். இது ஒரு ராத்திரி வேலை. அது முடிந்தால் சில்வர் பீச்சுக்குப் போய் நின்று பாருங்கள்: காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அலை ஏன் கரைக்கு ஏறக்குறைய இணையாகவே வந்து விழுகிறது?

ஓஎம்ஆர்_பஸ் எழுதியது:

இந்தக் கணக்கை இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நானும் போட்டேன். 300-இன் நான்காம் மூலம், நாலே சொச்சம் மடங்கு. எத்தனை வருடம் கழித்துப் பேனா பிடிக்கிறேன் தெரியுமா. தம்பி, பார்க்காதது போல நீங்களும் போடுங்கள். பைத்தான் பற்றி நான் சொன்னது இன்னும் சொன்னதுதான்.

கெடிலக்கரை எழுதியது:

எனக்கும் 4.16 வந்தது அண்ணா, உங்கள் பதிவைப் பார்ப்பதற்கு முன்னால். நம்பினால் நம்புங்கள்.

அப்பாவிடம் 37,000 கணக்கைச் சொன்னேன், உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்து. பாய்லரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கடைக்கும் எவன் உத்தரவாதம் குடுத்தான்" என்றார். சம்மதமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சில்வர் பீச் போனேன். வகுப்பில் இருந்து இன்னொருவனையும் இழுத்துக்கொண்டு போனேன். தூரத்தில் முகடு கரைக்குச் சாய்வாகத் தெரிகிறது, வர வர நேராகிறது. கரைப் பக்கத்து முனை ஆழம் குறைந்த இடத்துக்கு முதலில் வந்து மெதுவாகிறது, கடல் பக்கத்து முனை ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது. கண்ணாடிக்குள் ஒளி வளைகிற மாதிரியேதான் இருக்கிறது. எவ்வளவு வளையும் என்று மணலில் குச்சியால் போட்டுப் பார்த்தோம், அலை வந்து அழித்துவிட்டது. நோட்டில் அரைப் பக்கம் வரை வந்து நிற்கிறது. கோணம் எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது என்பதில் எனக்கும் அவனுக்கும் சண்டை. படம் எடுத்துப் போடவா ஐயா?

லாஸ்பேட்டை_ஓய்வு எழுதியது:

போடுங்கள். அடித்த வரிகளையும் சேர்த்துப் போடுங்கள்.